காசிமாயன் கிணற்றில் ஊற்று கண்ட நாள்

“வாயை மூடுப்பா. இந்த எஞ்சினை நல்ல எஞ்சின்னு சொல்லி என் தலையில கட்டுனவன் நீதான்.”

“நான் எங்கண்ணே கட்டுனேன்? காளைகளை விக்காதீங்க, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்கதான் கேக்கலை.”

“அப்ப இது நிக்கிறதுக்கு நாந்தான் காரணமா?”

“ரெண்டு பேரும் சண்டையை அப்பறமா வச்சுக்கங்க மாமா,” என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். “தண்ணி தொடைக்கு வந்திருச்சு.”

மேலே நின்று கத்திக்கொண்டிருந்தவர்களில் முதலாமவர் காசிமாயன். அவனியாபுரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தை அடுத்த தோட்டத்துக்காரர். மற்றவர் அப்துல் லத்தீப், மதுரை டவுனில் பஸ் பட்டறை ஒன்றில் மெக்கானிக். கீழே, நாலு ஆள் ஆழத்தில், புதிதாக வெட்டிய கிணற்றின் மூலையில், வலது பாதம் பாறைக்கு அடியில் அகப்பட்டு நின்றவன் முத்திருளன். காசிமாயனின் அக்காள் மாயக்காளுக்கு ஒரே மகன். ஆவணியில் காசிமாயனின் மகள் சின்னத்தாயைக் கட்டிக்கொள்ள வேண்டியவன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை. நேரம் பதினொன்று இருக்கும். நாங்கள் அங்கே ஓடியது ஒத்தாசை செய்யத்தான். வேடிக்கை பார்க்கவும்தான் என்று யாராவது சொன்னால், அதை மறுக்க எங்களிடம் சாட்சி கிடையாது.

நின்றுபோன அந்த எஞ்சினைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சின்ன டீசல் டிராக்டர் அது. ஒற்றைச் சிலிண்டர். முன்னால் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால்தான் கிளம்பும். லத்தீப் போய்ப் பார்த்து, வண்டி பழுதில்லை என்று சொன்னதன் பேரில் காசிமாயன் வாங்கினார். துரையிடமிருந்து வந்ததால் நாங்கள் அதற்குத் ‘துரை’ என்றே பெயர் வைத்துவிட்டோம். காலையில் அவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வேர்த்து நிற்கும்போது, துரை இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று வரப்பில் போகிறவர்கள் எல்லாரும் விசாரிப்பார்கள். துரை வந்த மாதமே காசிமாயன் தன் நான்கு காளைகளையும் விற்றார். காளை பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையின் கால்களைப் பிடுங்கித் துரைக்குக் கொட்டகை போட்டார். இனிமேல் இந்தத் தோட்டத்தில் மாட்டு வால் பிடிக்கிற வேலை கிடையாது என்று டீக்கடையில் சொன்னதாகவும் கேள்வி.

பழைய கிணறு வற்றிப்போனதால் புதுக் கிணறு வெட்டினார்கள். துரையின் பக்கவாட்டுச் சக்கரத்தில் பெல்ட் மாட்டி, கிணற்று விளிம்பில் பம்பை வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஆள்கள் கீழே பாறையை உடைப்பார்கள். அன்றைக்கு விடிந்ததும் கீழ்மூலையில் பெரிய ஊற்று கண்டது. ஊற்று கண்டால் பூசை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசை முடிந்ததும் மறுபடியும் துரையைக் கிளப்பினார்கள். முத்திருளனும் கல் உடைக்கிற இருவரும் உள்ளே இறங்கினார்கள். முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிய துரை, இருமி இருமி நின்றுவிட்டது.

தண்ணீர் சேர ஆரம்பித்ததும் கல் உடைக்கிறவர்கள் இருவரும் ஏறிவிட்டார்கள். முத்திருளன் மட்டும் கடப்பாரையும் உளியும் முழுகிப் போகுமே என்று பொறுக்க நின்றான். அடிமண்ணைத் தோண்டி விட்டிருந்த பாறை, ஈரம் பட்டதும் சரிந்து அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. அவன் போட்ட சத்தம் எங்கள் தோட்டம் வரைக்கும் கேட்டது. எங்கள் வீட்டு உலையை யாரும் இறக்கி வைக்கவில்லை. அப்படியே ஓடினோம்.

பாறையை நெம்ப முடியாதா என்று கேட்பீர்கள். இரண்டு பேர் இறங்கி நெம்பினார்கள். கடப்பாரை கொடுக்கிற இடம் தண்ணீருக்குள் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கண்டபடி குத்தினால் பாறை இன்னும் சரிந்து முழங்காலையும் நசுக்கும். உளி வைத்து உடைக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் சம்மட்டி அடி எடுபடாது. கைக்குக் கீழே கயிற்றைக் கட்டி மேலே இழுத்தபோது அவன் அலறிய அலறலில் இழுத்தவர்களே கயிற்றை விட்டுவிட்டார்கள். ஆகவே பாறை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். தண்ணீர் இறங்கத் துரை கிளம்ப வேண்டும். கமலை கட்டலாம் என்றால், காளையும் இல்லை, கமலைக் காலும் இல்லை.

அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அத்தனை பேரும் கொட்டகையின் கால்களைத்தான் பார்த்தோம். காசிமாயனும் பார்த்தார். அப்புறம்தான் லத்தீப் மேல் பாய்ந்தார்.

கீழேயிருந்து குரல் வந்ததும் சண்டை அறுந்தது. லத்தீப் டிராக்டர் பக்கம் திரும்பினார். பூசைச் சாப்பாட்டுக்கு என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், அதைக் கழற்றக்கூட நினைக்கவில்லை. முதலில் எண்ணெய் டாங்கியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. மூடினார். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும் என்று சொல்லி, எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்பின் மூக்கில் இருக்கிற திருகாணியைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்கினார். காசிமாயன் கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் துரை எழுந்தது.

மாயக்காள் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் குபுகுபுவென்று விழுந்தது. கீழே தண்ணீர் கால் மணியில் தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கிவிட்டது. கல் உடைக்கிறவர்கள் உளியோடு கயிற்றில் இறங்கப் பாதி வழி போயிருப்பார்கள். மறுபடியும் அதே இருமல். துரை நின்றது.

அந்த நிசப்தத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் மேலே வந்தது. அது வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஆறு மாதமாகக் காசிமாயன் தவம் கிடந்தார்.

மறுபக்கத்துத் தோட்டத்து விருமாண்டிக்கும் காசிமாயனுக்கும் வரப்புத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த விருமாண்டி தன் காளைகளை ஓட்டிக்கொண்டு, தன் கமலைச் சாமான்களை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கால் நட்டு, சக்கரம் மாட்டி, இறைக்கத் தொடங்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தோம். இல்லை. பயம்தான் இருந்தது. நாங்கள் இருபது பேர் பானையையும் வாளியையும் கயிற்றில் கட்டி இறைத்தோம். நாங்கள் ஒரு சாண் இறைத்தால் ஊற்று ஒன்றரைச் சாண் கொடுத்தது.

சின்னத்தாய் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு முத்திருளனோடு பேசிக்கொண்டிருந்தாள். பரிசம் போட்ட நாளிலிருந்து அவன் வீட்டுக்கு வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வராத பெண் அவள். அன்றைக்கு ஊர் முழுவதும் பார்க்க, தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் சரியாகத்தான் சொன்னாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டியதும் ஒரு கல் குறைத்துச் சொன்னாள். அவன் அதை நம்புகிறவன் போல “சரி, சரி” என்றான்.

லத்தீப் இரண்டாவது முறை வேலையை ஆரம்பித்தார். வடிகட்டியைக் கழற்றி எண்ணெயில் அலசினார். அதில் பெரிய அழுக்கு ஒன்றும் இல்லை. காசிமாயன் எண்ணெய் போதவில்லையோ என்று ஒரு முழு டின்னைக் கொண்டுவந்து டாங்கி வழிய ஊற்றினார். மறுபடி மூடினார்கள், மறுபடி சுற்றினார்கள். துரை எழுந்தது. இந்த முறை ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை.

இதுதான் எல்லாரையும் கலங்க அடித்தது. எண்ணெய் குறைச்சலாக இருந்தபோது கால் மணி ஓடிய எஞ்சின், நிறைய ஊற்றிய பிறகு ஐந்து நிமிஷத்தில் நிற்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கூட்டத்தில் அவரவர் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். கிணறு பலி கேட்கிறது என்றாள் ஒருத்தி. பூசையில் குறை இருக்கிறது என்றார் ஒருவர். பூசை நடக்கும்போது யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று மூன்றாவது ஆள் ஒரு தினுசாகக் கேட்டுவிட்டு லத்தீப்பைப் பார்த்தார். லத்தீப்புக்கு அது கேட்டது. அவர் நிமிரவில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. முத்திருளன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான். அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

“மாமா,” என்றான். “அருவாளைக் கயித்துல கட்டி இறக்குங்க.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் மாயக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நானே வெட்டிக்கிருவேன் மாமா. கழுத்துக்கு வந்துருச்சுன்னா என்னால குனிய முடியாது. இப்பவே இறக்குங்க.”

காசிமாயன் அருவாளை எடுத்துவிட்டார். கயிற்றின் நுனியையும் பிடித்துவிட்டார். முடிச்சுப் போடத்தான் அவர் விரல்களுக்குத் தெரியவில்லை. விருமாண்டி வந்து அருவாளைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பாதி வெட்டில் அவன் மயங்கி விழுந்தால் மீதி வெட்டவும் முடியாது, தூக்கவும் முடியாது என்றார். தண்ணீர் தோளுக்கு வரட்டும், அப்போதும் துரை கிளம்பவில்லை என்றால் நானே இறங்குகிறேன் என்று எங்களைப் பார்க்காமல் சொன்னார். அத்தனை பேரும் லத்தீப்பைத் திரும்பிப் பார்த்தோம்.

லத்தீப் மூன்றாவது முறை திருகாணியைத் தளர்த்தினார். எண்ணெய் வரவில்லை. நுரைகூட வரவில்லை. குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார், காற்றுத் தாராளமாகப் போனது. டாங்கியின் அடிக் குழாயைத் திறந்துவிட்டார். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. மேலே டாங்கி வழிய வழிய எண்ணெய். கீழே ஒரு சொட்டும் இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல மேல்மூடியைத் திருகினார். உள்ளே காற்றை உறிஞ்சுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. அதே நொடியில் அடியிலிருந்து எண்ணெய் தாரையாகக் கொட்டி அவர் கால்களை நனைத்தது.

லத்தீப் மூடியைத் திருப்பிப் பார்த்தார். அப்போது நான் பானையோடு அவருக்கு மிக அருகில் இருந்தேன். அருகில் இருந்தது தற்செயல்தான்.

அந்த மூடியின் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. எண்ணெய் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைபட்டால் உள்ளே காற்று இல்லாமல் எண்ணெய் அந்தரத்தில் நின்றுவிடும். டாங்கி நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். அந்தத் துவாரத்தின் மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனமும், அதன் மேல் குங்குமமும் வெயிலில் ஓடு போலக் காய்ந்து கிடந்தன.

காசிமாயனின் மனைவி இருளாயி வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் துரைக்கு அவள் திருநீறு பூசுவாள். அது ஓடுகிற அதிர்விலேயே உதிர்ந்துவிடும். அன்றைக்கு ஊற்றுக் கண்ட பூசை என்பதால் டவுனிலிருந்து சந்தனக் கட்டை வாங்கி வந்து அரைத்துக் குழைத்து வைத்தாள். மாட்டுக்குப் பொட்டு வைக்கிறவளுக்குத் துரையின் நெற்றி எதுவென்று தெரியாதா? மேலே உருண்டையாக இருந்தது அந்த மூடிதான். அதோடு விட்டாளா? எஞ்சின் ஒவ்வொரு முறை நின்றபோதும் பயந்துபோய், யாருக்கும் தெரியாமல் இன்னொரு விரல் சந்தனத்தை எடுத்து மேலே அப்பினாள்.

லத்தீப்பும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. இவர்கள் சாமி காரியம், நம் கை பட்டு அழியக் கூடாது என்று, மூடியை ஒவ்வொரு முறையும் ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத் திறந்தார். தரையில் வைக்காமல் வாழையிலைத் துண்டில் வைத்தார். திரும்பப் பொட்டு கலையாமல் மூடினார். அவள் மரியாதையும் இவர் மரியாதையும் சேர்ந்து கீழே ஒருவனைத் தோளளவு தண்ணீரில் நிறுத்திவிட்டன.

லத்தீப் குழாயை மாட்டினார், நுரையை விட்டார், திருகாணியை இறுக்கினார். மூடியை மட்டும் மூடவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். “சுத்துங்கண்ணே,” என்றார்.

காசிமாயனால் சுற்ற முடியவில்லை. விருமாண்டி அவரைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். துரையைத் தொட மாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தவர்தான். இரண்டாவது சுற்றில் எழுந்தது.

அப்புறம்தான் நிஜமான பயம். ஓடாதபோது பயந்ததைவிட ஓடும்போது அதிகம் பயந்தோம். ஐந்து நிமிஷம் ஆனது. கால் மணி ஆனது. எஞ்சின் லேசாகச் சத்தம் மாறினாலும் கூட்டம் முழுவதும் ஒரு அடி பின்வாங்கியது. இருளாயி விரலில் சந்தனத்தோடு டிராக்டரை நெருங்கினாள்.

“மதினி,” என்றார் லத்தீப். கையை விரிக்கவில்லை. “இனி வேண்டாம். போதும்.”

அவள் திறந்து கிடந்த டாங்கியைப் பார்த்தாள். அவர் மூடியிருந்த கையைப் பார்த்தாள். விரலில் இருந்த சந்தனத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் மாயக்காள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சின்னத்தாய் கல்லை எண்ணிக்கொண்டேயிருந்தாள். தோளில் நின்ற தண்ணீர் நெஞ்சுக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது. இப்போது குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தண்ணீர் பாறைக்குக் கீழே போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கல் உடைக்கிறவர்கள் இறங்கி, பாறையின் ஓரத்தை உளியால் பெயர்த்து, முத்திருளனைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மேலே ஏற்றினார்கள். விருமாண்டியின் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் நின்றது. வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

சந்தன விஷயம் இதோடு போயிருக்க வேண்டும். லத்தீப் வண்டி மறைவில் கருவேல முள்ளால் மூடியைச் சுரண்டிச் சுத்தம் செய்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். பார்த்ததை நான் சொன்னதும் ஒரே ஒருத்தியிடம்தான். அது எப்படி எட்டே நாளில் மாயக்காள் காதுக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாயக்காள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காசிமாயன் வாசலுக்கு வந்தாள். என் பிள்ளையை முழுக அடிக்கப் பார்த்த கையால் எனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று தெருவே கேட்கச் சொன்னாள். இருளாயி கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னத்தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் டவுனிலிருந்து லத்தீப்பை வரவழைத்தார்கள். எது பழுது, சந்தனமா எஞ்சினா, உண்மையைச் சொல் என்று மாயக்காள் நேருக்கு நேராகக் கேட்டாள்.

“பழுது என்னோடதுதான்க்கா,” என்றார் லத்தீப். “எண்ணெய் இறங்கலைன்னா முதல்ல மூடியைத்தான் பார்க்கணும். எந்த மெக்கானிக்குக்கும் அது தெரியும். நான் பார்க்கலை.”

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. மாயக்காள் அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் நின்று கேட்டுக்கொண்டார். திட்டி முடித்த களைப்பில் சம்பந்தத்துக்குச் சரி என்றாள். ஆனால் சாகும்வரை இருளாயி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எஞ்சின் வைத்திருக்கிற யாரும் லத்தீப்பைக் கூப்பிடவில்லை. மூடியைப் பார்க்கத் தெரியாத மெக்கானிக் என்று பெயராகிவிட்டது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனைவி மரியம் பீவியோடு திண்டுக்கல்லுக்குக் குடிபோய்விட்டார். காசிமாயன் விருமாண்டியிடமே ஒரு ஜோடிக் காளை வாங்கினார். துரையை வில்லாபுரத்துக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். முத்திருளனுக்கும் சின்னத்தாய்க்கும் சொன்னபடி ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணவறையைச் சுற்றும்போது அவன் நொண்டினான், அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். மறு தையில் இருவரும் கொட்டாம்பட்டிப் பக்கம் போய், மழையை மட்டும் நம்பிப் பயிர் வைக்கிற புஞ்சை நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கிணறு உள்ள நிலம் அதே ஊரில் விலைக்கு வந்ததாம். சின்னத்தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.